சிறுநீர் தரும் முன்னெச்சரிக்கை

சிங்கப்பூரில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முக்கியக் காரணம் நீரிழிவு. தொடக்கத்தில் வலியோ வீக்கமோ இருக்காது என்பதால் பலர் பரிசோதனையைத் தள்ளிப்போடுகின்றனர்.

சிறுநீரக வடிகட்டிகள் பழுதடையத் தொடங்கினால் ‘அல்புமின்’ எனும் புரதம் சிறுநீரில் கசியும். ரத்தப் பரிசோதனை முடிவு சரியாக இருக்கும்போதே இக்கசிவு தொடங்கலாம். அல்புமின்-கிரியேட்டினின் விகிதத்தை அளக்கும் எளிய சிறுநீர்ப் பரிசோதனை அதைக் காட்டிவிடும். காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று போன்றவையும் அளவை உயர்த்தலாம். அதனால் மருத்துவர் மறுபரிசோதனை செய்தே உறுதிப்படுத்துவார்.

முன்கூட்டியே தெரிந்தால் மருந்து, சர்க்கரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு மூலம் பாதிப்பை மெதுவாக்கலாம். தேக்காவில் சாப்பிடும்போது ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைத்தால் உப்பு குறையும். முற்றிவிட்டாலோ, பொதுவாக வாரம் 3 முறை, சுமார் 4 மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்புதான். நீரிழிவு உள்ளவர்கள் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ ஆண்டுதோறும் இப்பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.