ஏரியா பார்க்கைப் புதுப்பிக்கிறாங்களா? முதல்ல கீழே பாருங்க

தெருவிளக்கு எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: "எங்க பார்க்கைப் புதுப்பிக்கப் போறாங்களாம், நாங்க என்ன கேக்கணும்?"

பெரும்பாலும் என்ன கேக்குறோம்? புது ஊஞ்சல், கலர் கலரா சறுக்குமரம், ஓபன் ஜிம், ஒரு செல்ஃபி பாயின்ட். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியுற பொருள். நான் முதல்ல பார்க்கிறது தரையை.

விளையாட்டுத் திடல்ல குழந்தைகளுக்கு அடிபடுறதுக்கு முக்கியக் காரணமே கீழே விழுறதுதான். ஆனா நம்ம ஊர்ல சறுக்குமரத்துக்கு அடியில பேவர் பிளாக், இல்லைன்னா மிதிச்சு மிதிச்சு இறுகிப்போன மண். ரெண்டும் அடியைத் தாங்காது. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இதுக்குன்னே ஒரு கையேடு வெச்சிருக்கு. அதன்படி 9 அங்குல ஆழத்துக்கு மணல் போட்டா சுமார் 4 அடி உயரத்திலிருந்து விழுற வரைக்கும் பாதுகாப்பு. அதே 9 அங்குலம் மரச்சீவல்னா 10 அடி வரைக்கும். சாதனத்தைச் சுத்தி 6 அடிக்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது. கம்பிகளுக்கு நடுவுல மூன்றரை அங்குலத்துக்கு மேல, 9 அங்குலத்துக்குக் கீழ இடைவெளி இருந்தா ஆபத்து. ஏன்னா குழந்தையோட உடம்பு உள்ளே போயிடும், தலை மாட்டிக்கும். ஒரு டேப் எடுத்துட்டுப் போனா பத்து நிமிஷத்துல அளந்துடலாம். வரைபடம் காட்டும்போதே இதைக் கேளுங்க, கம்பி ஊன்றின பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை. (மணல் போட்டா நாய், பூனை அசிங்கம் பண்ணும்னு சொல்வாங்க. உண்மைதான். அப்போ ரப்பர் தரை கேளுங்க, செலவு கூடும்.)

வெயில் இன்னொரு விஷயம். இரும்புச் சறுக்குமரத்தை மேற்குப் பக்கம் பார்த்து வெச்சா, பிள்ளைங்க விளையாட வர்ற நாலு மணிக்குத்தான் அது தோசைக்கல். திசையை மாத்தணும், இல்லைன்னா மேற்கே ஒரு புங்கமரம் நடணும். மரம் வளர வருஷம் ஆகும், அதுவரைக்கும் ஒரு நிழல்வலை.

அடுத்தது, பார்க்ல யார் இல்லைங்கிற கேள்வி. எங்க பார்க்குக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனா நடக்குற பெரியவங்க, கிரிக்கெட் ஆடுற பசங்க, அம்மாவோட வந்த குட்டிப் பிள்ளைங்க எல்லாரும் இருப்பாங்க. பத்து வயசு தாண்டின பொண்ணுங்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம்.

இது நமக்கு மட்டும் உள்ள கதை இல்லை. 1990-களின் நடுவுல வியன்னா நகரத்துல ஆய்வு பண்ணாங்க. ஒன்பது வயசுக்கு மேல பொண்ணுங்க பார்க்குக்கு வர்றது சட்டுனு குறையுதுன்னு தெரிஞ்சது. ஒரே பெரிய திடல் இருந்தா யார் முதல்ல பந்தோட இறங்குறாங்களோ அவங்க முழுசையும் பிடிச்சுக்கறாங்க. பொண்ணுங்க சண்டை போடலை, வர்றதையே விட்டுட்டாங்க. 1999-ல மார்கரெட்டன் வட்டாரத்துல ரெண்டு பூங்காக்களை மாத்தி அமைச்சாங்க. பாதைகளைச் சரிபண்ணி, வாலிபால், பாட்மின்டனுக்கு இடம் விட்டு, பெரிய வெளியைச் செடிகளால சின்னச் சின்னப் பகுதியா பிரிச்சாங்க. பொண்ணுங்க திரும்ப வந்தாங்க.

எனக்கு இதுல பிடிச்சது, பசங்களை யாரும் விரட்டலைங்கிறதுதான். இடத்தைப் பிரிச்சாங்க, அவ்வளவுதான். நம்ம ஊர்ல இதோட வெளிச்சத்தையும், பூட்டாத, சுத்தமான கழிப்பறையையும் சேர்த்துக்கணும். இந்த ரெண்டும் இல்லாம எந்த அம்மாவும் ஏழு மணிக்குப் பொண்ணை விடமாட்டாங்க.

வாசலையும் பாருங்க. மாடும் பைக்கும் நுழையாம இருக்க ஒரு சுழல் கம்பி போட்டிருப்பாங்க. மாடு நுழையாது, சக்கர நாற்காலியும் நுழையாது. 90 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் குட்டைத் தூண் நட்டா நாற்காலி போகும். பைக்கும் போகும்தான். அதைத் தடுக்க வாட்ச்மேன் வேணும், நாற்காலியில வர்றவரை வெளியே நிறுத்துறது அதுக்குத் தீர்வு இல்லை.

இதையெல்லாம் எங்கே சொல்றது? வார்டு கவுன்சிலர் கூட்டுற பகுதி சபைக் கூட்டத்துல எழுத்து மூலமா குடுங்க. காசு இல்லைன்னு சொன்னா தமிழ்நாட்டுல 'நமக்கு நாமே' திட்டம் இருக்கு. மதிப்பீட்டுல மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டா மீதியை அரசு போடும். குடியிருப்போர் சங்கம் இருக்குற ஏரியாவுக்கு இது சுலபம். சங்கம் இல்லாத குடிசைப் பகுதிப் பிள்ளைங்களுக்கும் அதே பார்க்தான், அவங்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்க.

கடைசியா ஒண்ணு. டெண்டர்லயே பராமரிப்பை எழுதச் சொல்லுங்க. ஊஞ்சல் சங்கிலியோட கொக்கி தேய்ஞ்சா யார் மாத்தணும், எத்தனை நாள்ல மாத்தணும்னு இருக்கணும். எங்க பார்க்ல புது ஊஞ்சல் ஒண்ணு இப்போ கயித்துல கட்டித் தொங்குது.