மூப்படையாத வானொலியும் மூப்படையும் நேயர்களும்

பல்லாண்டு காலமாக ஒரே வானொலி நிலையத்தைக் கேட்டுவரும் ஒருவர், தமக்குப் பிடித்த பாடல்கள் அதிலிருந்து ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டு, நிலையம் மாறிவிட்டதே எனக் குறைப்படுவதுண்டு. உண்மையில் மாறியவர் நேயரே. நிலையம் தனது வயதை மாற்றாதிருப்பதற்காகவே பாடல்களை மாற்றுகின்றது. அமெரிக்காவின் மெல்லிசை வானொலிகளின் கதையை நோக்கின் இது நன்கு விளங்கும்.

வளர்ந்தோருக்கான சமகால இசை என்ற பொருளில் 'அடல்ட் கண்டெம்பரரி' என்று அங்கு ஒரு வானொலி வகை உண்டு. அதன் மென்மையான கிளையில் மெதுவான தாளமும் காதற் பாடல்களும் குறைந்த பேச்சுமே இடம்பெறும். 'பில்போர்ட்' சஞ்சிகை 1961 ஆம் ஆண்டில் 'ஈசி லிஸ்னிங்' என்ற பெயரில் தொடங்கிய பாடற் பட்டியலே 1979 இல் இப்பெயரைப் பெற்றது. 1982 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் 'கோஸ்ட் 103.5' நிலையமும் 1984 இல் நியூயோர்க்கின் '106.7 லைட் எப்.எம்.' நிலையமும் இவ்வகைக்கு மாறின. அதற்கு முன்னர் மெல்லிசை என்றால் பாடகர் குரலின்றி வாத்தியக் குழுக்கள் இசைக்கும் மெட்டுக்களே எனும் நிலை இருந்தது. அவற்றின் நேயர்கள் முதுமையடைந்ததும் விளம்பரதாரர்கள் விலகினர். நிலையங்களும் இசையைக் கைவிட்டன. இன்று மெல்லிசை வானொலிகளை அச்சுறுத்துவதும் அதே விதிதான்.

அமெரிக்க விளம்பர நிறுவனங்கள் பெரிதும் விலைகொடுத்து வாங்குவது 25 முதல் 54 வயது வரையிலானோரின் செவிகளையே. அதிலும் பெண்களே இந்நிலையங்களின் முதன்மை இலக்கு. 55 வயதை எட்டிய நேயர் எவ்வளவு விசுவாசமாகக் கேட்டாலும் வியாபாரக் கணக்கில் அவருக்குப் பெறுமதி குறைவு. ஆகவே 'இளைய நேயர்' என்று இத்துறையினர் பேசும்போது பதின்ம வயதினரைக் கருதுவதில்லை. நாற்பது வயதை அண்மித்தவரையே அவர்கள் அவ்வாறு அழைக்கின்றனர்!

மனிதர் பொதுவாகத் தம் பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாடல்களையே வாழ்நாள் முழுதும் நெஞ்சில் சுமக்கின்றனர். 1984 இல் நாற்பது வயதாயிருந்தவருக்கு 1960 களின் பாடல்கள் இனித்தன. 2024 இல் நாற்பதை எட்டியவருக்கு இனிப்பவை 2000 ஆம் ஆண்டையொட்டிய பாடல்கள். இடையில் கார்பென்டர்ஸ், பெரி மனிலோ போன்றோர் பின்தள்ளப்பட, பில் கொலின்ஸ், விட்னி ஹூஸ்டன் ஆகியோர் முன்வந்தனர். பின்னர் மடோனாவும் அந்த வரிசையில் சேர்ந்தார். ஒருகாலத்தில் பதின்ம வயதினரின் கூச்சல் எனப் பெற்றோர் கதவடைத்த பாடல்கள், இருபது ஆண்டுகள் கழிந்ததும் அதே பிள்ளைகளின் அலுவலகங்களில் இதமான பின்னணி இசையாகின்றன. பாடலில் ஒரு சுரமும் மாறவில்லை. கேட்பவரின் வயதே அதை மென்மையாக்கியது.

இம்மாற்றத்தை ஒரே நாளில் செய்தால் பழைய நேயர்கள் ஓடிவிடுவர். எனவே நிகழ்ச்சிப் பணிப்பாளர்கள் மெதுவாகவே நகர்கின்றனர். ஹோட்டல் மண்டபமொன்றில் இலக்கு வயதினரைத் திரட்டி, ஒவ்வொரு பாடலிலும் மனதில் பதிந்த சில விநாடிப் பகுதியை மட்டும் ஒலிக்கவிட்டுப் புள்ளி பெறுவர். பிடிக்குமா, தெரியாதா, கேட்டுச் சலித்துவிட்டதா என்பனவே கேள்விகள். அலுவலகத்திலும் பல் வைத்தியரின் காத்திருப்பறையிலும் பலர் சேர்ந்து கேட்கும் வானொலி இது. எனவே சிலர் உயிராக நேசித்து வேறு சிலர் வெறுக்கும் பாடலைவிட, எவரும் வெறுக்காத பாடலே தேறுகின்றது. இசைச் சுவையின் வறுமைக்கு இதுவே பெரிய காரணம் என்பது எமது எண்ணம். தேறிய சில நூறு பாடல்களைக் கணனி வரிசைப்படுத்தும். விறுவிறுப்பானவை பகலிலும் மெதுவானவை இரவிலும் வைக்கப்படும். காலப்போக்கில் பழைய பாடலொன்று நாளுக்கொரு முறை என்பதிலிருந்து வாரத்துக்கொரு முறையாகி, ஒருநாள் சந்தடியின்றி விடைபெறும்.

புதிய பாடல்களையும் இந்த அச்சுக்குள் வார்ப்பதுண்டு. 'ராப்' பகுதி வெட்டப்பட்ட பிரதிகளை இசைத்தட்டு நிறுவனங்களே இந்நிலையங்களுக்கென அனுப்பின. லோன்ஸ்டார் குழுவின் 'அமேஸ்ட்' என்ற நாட்டுப்புறப் பாணிப் பாடல், பொப் நிலையங்களுக்கேற்ப மறுகலவை செய்யப்பட்டு 2000 ஆம் ஆண்டில் பில்போர்ட்டின் பிரதான பட்டியலில் முதலிடத்தையே எட்டியது.

2007 இல் பிலடெல்பியா, ஹூஸ்டன் நகரங்களில் ஆர்பிட்ரன் நிறுவனம் நடைமுறைப்படுத்திய அளவுகருவி இந்தப் போக்கைத் துரிதப்படுத்தியது. அதுவரை நேயர்கள் ஒரு வாரம் தாம் கேட்டவற்றை நினைவிலிருந்து குறிப்பேட்டில் எழுதினர். இடுப்பில் அணியும் புதிய கருவியோ, ஒலிபரப்பில் மறைந்துள்ள சமிக்ஞையை நிமிடத்துக்கு நிமிடம் பதிந்தது. அறிவிப்பாளர் பேச்சை நீட்டினால் எத்தனை பேர் விலகினர் என்பதும் தெரிந்துவிட்டது. பேச்சு மேலும் சுருங்கியது. முதுமையை நினைவூட்டுவதாகக் கருதி 'மென்மை' என்ற சொல்லையே பல நிலையங்கள் தம் விளம்பர வாசகங்களிலிருந்து கைவிட்டன.

ஆயினும் இந்த ஓட்டம் ஒரு வெற்றிடத்தையும் விட்டுச்சென்றது. எல்லா நிலையங்களும் இளமையைத் துரத்தியபோது பழைய மெல்லிசைக்கு ஆளில்லாமற் போயிற்று. 2016 இன் இறுதியில் சான்பிரான்சிஸ்கோவின் 98.1 அலைவரிசை 'த பிரீஸ்' என்ற பெயரில் 1970 கள், 80 களின் மென்மையான பாடல்களுக்குத் திரும்பியபோது நேயர்கள் திரண்டனர். வேறு நகரங்களும் அதைப் பின்பற்றின. கைவிடப்பட்டோர் எத்தனை பேர் என்பதற்கு இது ஒரு சான்று.

கைவிடப்பட்டோர் முறையிடச் சட்டத்தில் இடமுண்டா? நியூயோர்க்கில் டபிள்யூ.என்.சி.என். என்ற சாஸ்திரிய இசை நிலையம் 1974 இல் ரொக் இசைக்கு மாறியபோது நேயர்கள் திரண்டு போராடி, மறு ஆண்டே பழைய இசையை மீட்டனர். ஆனால், இசைவகை மாற்றங்களை அரசு ஆணைக்குழு ஆராய வேண்டும் என்ற கோரிக்கை உச்ச நீதிமன்றம் வரை சென்றபோது, அதனைச் சந்தையின் பொறுப்பில் விடலாம் என்ற ஆணைக்குழுவின் கொள்கையை நீதிமன்றம் 1981 இல் ஏற்றுக்கொண்டது. அலைவரிசை பொதுச்சொத்தாயினும், அதில் எந்தப் பாடல் ஒலிக்கும் என்பதில் அறுபது வயது நேயருக்கு உரிமை ஏதுமில்லை. வேறு நிலையத்தைத் தேடுவதே அவருக்கு எஞ்சிய வழி.