இருமடங்கிற்குள் ஒரு பகா எண்

நுழையும்முன்

கும்பகோணத்தைத் தொட்டுச் செல்லும் அரசலாறு காரைக்காலில் கடலோடு கலக்கிறது. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த காலத்தில், பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் ஒருவர் பகா எண்களைப் பற்றி ஓர் ஊகத்தை வெளியிட்டார். அதற்குச் சுருக்கமான நிறுவல் ஒன்றைத் தந்தவர், கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன்.

விலகிச் செல்லும் எண்கள்

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், ஒன்றைவிடப் பெரிய இயல் எண்ணே பகா எண் ஆகும். 2, 3, 5, 7, 11 எனத் தொடக்கத்தில் இவை நெருங்கி நிற்கின்றன; போகப்போக விலகுகின்றன. 113க்கு அடுத்த பகா எண் 127 ஆகும். இந்த இடைவெளி எவ்வளவு வேண்டுமாயினும் நீளலாம். 1 முதல் 101 வரையுள்ள எண்களின் பெருக்கற்பலனோடு 2, 3, 4 என 101 வரை தனித்தனியே கூட்டுவோம். இரண்டைக் கூட்டிய எண் இரண்டால் வகுபடும். மூன்றைக் கூட்டியது மூன்றால் வகுபடும். இவ்வாறு அடுத்தடுத்து வரும் நூறு எண்களுள் ஒன்றுகூடப் பகா எண் ஆகாது.

பகா எண்களுக்கு முடிவில்லை என்பதை யூக்ளிட் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுவினார். எனினும், அடுத்த பகா எண்ணைக் காண எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும்? 1845இல் ஜோசப் பெர்ட்ரண்ட் ஒரு விடையை முன்மொழிந்தார். ஒன்றைவிடப் பெரிய எந்த இயல் எண்ணுக்கும் அதன் இருமடங்கிற்கும் இடையே ஒரு பகா எண்ணேனும் இருக்கும் என்பதே அது. முப்பது இலட்சம் வரை அவர் அதனைச் சரிபார்த்தார், ஆனால், நிறுவவில்லை.

சரிபார்த்தலும் நிறுவலும்

முப்பது இலட்சம் சான்றுகள் போதாவோ? போதா. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணையும் 41ஐயும் கூட்டுங்கள். 0 முதல் 39 வரை எவ்வெண்ணை எடுத்தாலும் பகா எண்ணே கிடைக்கும். நாற்பதை எடுத்தால் 1681 வரும். அது 41ஐ 41ஆல் பெருக்கிய எண். நாற்பது முறை மெய்யானது நாற்பத்தோராம் முறை பொய்த்துவிட்டது. எல்லா எண்களுக்கும் பொருந்தும் உண்மையை நிறுவலே உறுதிசெய்யும்.

பெர்ட்ரண்டின் ஊகத்தை முதலில் நிறுவியவர் உருசிய அறிஞர் செபிஷேவ். இராமானுஜன் 1919இல், இந்தியக் கணிதவியல் சங்கத்தின் இதழில், அதைவிட எளிய நிறுவலை இரண்டே பக்கங்களில் தந்தார். அத்துடன் நில்லாது மேலும் ஒன்றைக் காட்டினார்: 41 அல்லது அதனினும் பெரிய எவ்வெண்ணை எடுத்தாலும், அதன் பாதியிலிருந்து அவ்வெண் வரை குறைந்தது ஐந்து பகா எண்கள் உண்டு. 41க்கு அவை 23, 29, 31, 37, 41 ஆகும்.

2024இல் கண்டறியப்பட்ட ஒரு பகா எண் 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. அதற்கு அடுத்த பகா எண் எதுவென இன்னும் எவரும் கண்டறியவில்லை. ஆயினும், அதன் இருமடங்கை எட்டுமுன் இன்னொரு பகா எண் நிச்சயம் உண்டு. கணிப்பொறி தேடிச் சேராத இடத்தையும் அந்த இரண்டு பக்க நிறுவல் சென்றடைந்துள்ளது.