நற்சான்றுக் கடிதமும் நோயாளியின் படுக்கையும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் பங்கு இல்லத்தை நாடி வரும் பெற்றோர் பலர். "சாமி, பிள்ளையை ஆஸ்பத்திரி வேலைக்குப் படிக்க வைக்கலாமா?" என்பதே அவர்களுள் பெரும்பாலோரின் கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வந்த ஒரு தந்தையை நாம் மறப்பதற்கில்லை. வயற்கூலியான அவர், மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, மகளை ஓராண்டு மருத்துவ உதவியாளர் பயிற்சியில் சேர்த்தார். பயிற்சி முடிந்தது, சான்றிதழும் கிடைத்தது. ஆயின் அவள் ஏறி இறங்கிய எந்த மருத்துவமனையும் அதனை ஏற்கவில்லை. "நல்ல வேலைதான், சேர்த்துவிடுங்கள்" என்று சொல்லி நற்சான்றுக் கடிதம் கொடுத்தவர் நாமே. விசாரியாமல் எழுதிய அக்கடிதம் இன்றும் நம் நெஞ்சை உறுத்துகின்றது.

நோயாளிக்கு உதவுவதற்குப் பெரிய படிப்பு எதற்கு என்று நினைப்பதே முதற் பிழை. அசைய இயலாத நோயாளியை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிடில், அழுத்தம்பட்ட இடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் உண்டாகும். நாடித்துடிப்பை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிக் குறிக்க வேண்டும். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு அது 60 முதல் 100 வரை இருத்தல் இயல்பு. ஒருவரைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்தவரைத் தொட்டால், நோயைச் சுமந்து செல்பவர் உதவியாளரே. அனைத்துக்கும் மேலாக, மருத்துவர் சொல்லாமல் மருந்து கொடுக்கலாகாது என்னும் தம் எல்லையை அறிந்திருத்தல் வேண்டும். இவை நோயாளியின் அருகில், அறிந்தவர் மேற்பார்வையில், செய்து செய்து தேற வேண்டியவை.

முறையான பயிற்சியின் பயனுக்கு ஆய்க்குடியே சான்று. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது தண்டுவடம் சேதமுற்று, கழுத்துக்குக் கீழே செயலிழந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் இங்கு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாகல் அவர்களின் பெயரையே அதற்குச் சூட்டினார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சங்கத்தின் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களுள் பலர் இவ்வட்டாரத்துப் பெண்களே. வல்லுநர்களிடம் பயின்று, அவர்களின் மேற்பார்வையில் வீடு வீடாகச் சென்று, வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கின்றனர். தாய்மாருக்கும் அதனைக் கற்றுக்கொடுக்கின்றனர். கிராமத்துப் பெண்ணின் கை, பயின்ற கையாகும்போது எத்துணை உயர்கின்றது!

ஆகவே பெற்றோரே, பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இப்பயிற்சிக்கு அங்கீகாரம் அளித்தவர் யார்? நேரடிப் பயிற்சி எந்த மருத்துவமனையில்? சென்ற ஆண்டு முடித்தவர்கள் இன்று எங்கே பணிபுரிகின்றனர்? துணைச் செவிலியர் பயிற்சி 2 ஆண்டுகள். பொதுச் செவிலியர் பட்டயம் 3 ஆண்டுகள். செவிலியர் பட்டப்படிப்பு 4 ஆண்டுகள். இவற்றுக்குச் செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரம் இன்றியமையாதது. ஆய்வுக்கூட நுட்பர் போன்ற ஏனைய துணை மருத்துவத் தொழில்களை முறைப்படுத்தவும் 2021இல் தேசிய அளவில் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சில மாதங்களிலேயே 'நர்ஸ்' ஆகலாம் என்னும் விளம்பரத்தை நம்பாதீர்கள்.

அப்பெண் பின்னர் முறையான துணைச் செவிலியர் பயிற்சியில் சேர்ந்து தேறினாள். இழந்த ஓராண்டு மட்டும் மீளவில்லை. இப்பொழுது நற்சான்று கேட்டு வருவோரிடம், நாம் பேனாவை எடுக்குமுன் அங்கீகார ஆணையின் நகலைக் கேட்கின்றோம். சிலருக்கு அது வருத்தமே. ஆயினும் அடகுக் கடையில் ஒரு சங்கிலி குறையுமாயின், அவ்வருத்தத்தை ஏற்க நாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.