உலகைச் சுற்ற எந்தப் படகு?

பாய்மரப் படகு வாங்குவோர் முதலில் கேட்பது: ஓருடல் படகா, கேட்டமரான் எனப்படும் ஈருடல் படகா?

ஈருடல் படகு அகலமானது, அதிகம் சாயாது. ஆழம் குறைந்த கரையிலும் ஒதுங்கும். வேகமும் உண்டு. 1988-இல் சான் டியேகோவில் நடந்த அமெரிக்கக் கோப்பைப் போட்டியில், தன்னைவிட மிக நீளமான நியூசிலாந்தின் ஓருடல் படகை அமெரிக்காவின் ஈருடல் படகு இரண்டு பந்தயங்களிலும் எளிதாக வென்றது.

ஆனால் சீறும் ஆழ்கடலில் கணக்கே வேறு. ஓருடல் படகின் அடியில் கனத்த உலோகச் சுமை இருக்கிறது. பேரலை புரட்டிப் போட்டாலும், அந்தச் சுமைதான் படகை மறுபடி நிமிர்த்தும். ஈருடல் படகு முழுவதும் கவிழ்ந்துவிட்டால் தானாக நிமிராது. பெரும்பாலும் மூழ்காமல் தலைகீழாக மிதக்கும். தனிமையான தென்கடலில் இந்த வேறுபாடு உயிர் காக்கும்.

நம் கடற்படை அதிகாரிகள் தில்னாவும், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி, 2025 மே மாதம் திரும்பினார்கள். அவர்களைச் சுமந்த ஐஎன்எஸ்வி தாரிணி, கோவாவிலேயே கட்டப்பட்ட 56 அடி நீள ஓருடல் படகு.