ஒரு கேபிள் அறுந்தது, யாருக்கும் தெரியவில்லை!
கண்டு சொல்கிறது ஏ.ஐ. ஏஜெண்டு

ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அடுத்த நிமிடமே அந்தப் படம் மாடியில் உள்ள டாக்டரின் கம்ப்யூட்டரில் தெரிகிறது.

அந்தப் படம் எந்த வழியாகப் போகிறது?

சுவர் ஓரமாக ஒரு பூட்டிய இரும்பு அலமாரி இருக்கும். அதற்குள் சின்னஞ்சிறு விளக்குகள் மினுக்கியபடி ஒரு பெட்டி இருக்கும். அதுதான் 'நெட்வொர்க் சுவிட்ச்'.

தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து அனுப்புகிறார்கள் அல்லவா? அதுபோல, எந்தச் செய்தி எந்தக் கம்ப்யூட்டருக்கு என்று பார்த்துப் பிரித்து அனுப்புவது இதன் வேலை.

'கல்பனா' கம்பெனி

கம்ப்யூட்டர்களைக் கேபிள் மூலம் இணைக்கும் 'ஈதர்நெட்' முறை 1973-ம் ஆண்டில் தோன்றியது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் உள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் மெட்கால்ப், டேவிட் போக்ஸ் ஆகியோர் அதை உருவாக்கினார்கள்.

அதே கலிபோர்னியாவில் 1990-ம் ஆண்டில் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டு வந்த கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? 'கல்பனா'! அதை நிறுவியவர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ் என்ற இந்தியர்.

பல கேபிள்களைச் சேர்த்து ஒன்றாக வேலை வாங்கும் யோசனையும் அந்தக் கம்பெனியில் பிறந்ததுதான். 1994-ம் ஆண்டில் 'சிஸ்கோ' கம்பெனி அதை விலைக்கு வாங்கியது.

இரண்டு ரோடு

இப்படிக் கேபிள்களைச் சேர்ப்பதற்கு 'லிங்க் அக்ரிகேஷன்' என்று பெயர். பல கம்பெனிப் பெட்டிகளும் ஒத்துப்போக, ஐ.இ.இ.இ. என்ற என்ஜினீயர்கள் சங்கம் 2000-ம் ஆண்டில் இதற்குப் பொது விதி வகுத்தது.

இதனால் என்ன லாபம்?

இரண்டு ஊர்களுக்கு இடையே ஒரு ரோடு இருந்தால் நெரிசல். இரண்டு ரோடு இருந்தால் வண்டிகள் பிரிந்து போகும். ஒரு ரோடு கெட்டாலும் மற்றொன்று இருக்கிறது.

ஆனால் ஒரு வண்டி ஒரே நேரத்தில் இரண்டு ரோட்டில் போக முடியுமா? முடியாது. அதனால் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு இடையே நடக்கும் ஒரு பரிமாற்றம் பொதுவாக ஒரே கேபிள் வழியாகத்தான் போகும். பலர் ஒரே சமயத்தில் வேலை செய்யும்போதுதான் முழுப் பயன் கிடைக்கும்.

இரு முனையில் உள்ள பெட்டிகளும் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டே இருக்கும். வினாடிக்கு ஒரு தடவை அல்லது 30 வினாடிக்கு ஒரு தடவை செய்தி போகும். மூன்று தடவை செய்தி வராவிட்டால் அந்தக் கேபிளை ஒதுக்கிவிடும்.

மறைந்திருக்கும் ஆபத்து

இங்கேதான் ஆபத்து இருக்கிறது!

ஒரு கேபிள் கெட்டாலும் வேலை நிற்பதில்லை. அதனால் யாரும் கவனிப்பதில்லை. 'இன்று கம்ப்யூட்டர் கொஞ்சம் மந்தம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பிறகு ஒரு நாள் இரண்டாவது கேபிளும் கெடும். அவசர நோயாளியின் எக்ஸ்ரே மாடிக்குப் போய்ச் சேராது!

கேட்டால் பதில்

முன்பெல்லாம் என்ஜினீயர் ஒவ்வொரு பெட்டியாகத் தொடர்பு கொண்டு கட்டளைகளை டைப் அடித்துப் பார்க்க வேண்டும். சிஸ்கோ பெட்டியில் 'பி' என்று காட்டினால் கேபிள் கூட்டில் இருக்கிறது என்று பொருள். 'டி' என்றால் விழுந்துவிட்டது. ஐம்பது பெட்டி இருந்தால் பொழுது போய்விடும்.

இப்போது ஏ.ஐ. ஏஜெண்டு வந்திருக்கிறது. இது செயற்கை அறிவு கொண்ட கம்ப்யூட்டர் ஏவலாள்.

'மூன்றாம் மாடியில் சேர்த்துக் கட்டிய கேபிள்கள் எல்லாம் ஓடுகின்றனவா?' என்று சாதாரணப் பேச்சில் கேட்டால் போதும். அது பெட்டியிடம் கேட்டு, பெட்டி காட்டும் எழுத்துகளைப் படித்து, 'இரண்டில் ஒன்று ஓடவில்லை' என்று சொல்லிவிடும்.

ஏ.ஐ.யையும் இத்தகைய கருவிகளையும் இணைக்கும் பொது முறை ஒன்றை 'ஆந்த்ரோபிக்' கம்பெனி 2024 நவம்பரில் வெளியிட்டது. 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்பது அதன் பெயர்.

சாவி கொடுக்காதீர்!

ஏஜெண்டுக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். மாற்றும் அனுமதி வேண்டாம். ஒரு முனையை மாற்றி மறு முனையை மாற்றாமல் விட்டால் தொடர்பே அறுந்து போகலாம்.

மற்றொரு எச்சரிக்கை. ஏ.ஐ. சில சமயம் பார்க்காமலே பார்த்ததுபோலப் பதில் சொல்லும். ஆகவே, 'பெட்டி என்ன காட்டியது? அதை அப்படியே காட்டு' என்று கேட்க வேண்டும். பிறகு ஆள் போய்க் கேபிளை நேரில் பார்க்க வேண்டும்.

உங்கள் பள்ளிக்கூடத்திலோ ஆபீசிலோ இப்படிப்பட்ட பெட்டி இருக்கிறதா? கம்ப்யூட்டர் மந்தமானால் என்ஜினீயரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.

'சேர்த்துக் கட்டிய கேபிள் இரண்டும் ஓடுகிறதா?'