சென்னையிலிருந்து ஜித்தா: ஆறு மணி நேரப் பயணத்தில் மீக்காத் எப்போது வரும்?

உம்ராவுக்குப் புறப்படும் குடும்பங்கள் முதலில் கேட்பது, "எத்தனை மணி நேரப் பயணம்?" என்பதுதான். சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 4,400 கி.மீ. நேரடி விமானம் ஏறத்தாழ 6 மணி நேரத்தில் போய்ச் சேரும். உயரத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே காற்று வீசுவதால், திரும்பி வரும்போது நேரம் சற்றுக் குறையும்.

சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. காலை 10 மணிக்குப் புறப்பட்டால் இறங்கும்போது நமக்கு மாலை 4 மணி. ஜித்தாவில் பிற்பகல் 1.30.

ஆனால் உம்ரா செய்பவர் முக்கியமாகக் கணக்கிட வேண்டியது இறங்கும் நேரத்தை அல்ல, மீக்காத்தைக் கடக்கும் நேரத்தை. ஹஜ், உம்ராவுக்குச் செல்வோர் இஹ்ராம் இல்லாமல் கடக்கக் கூடாத எல்லைகளை நபி (ஸல்) அவர்கள் நிர்ணயித்துள்ளார்கள். கப்பல் பயணக் காலத்தில் நம் நாட்டு ஹாஜிகளுக்கு யலம்லம் மீக்காத்தாக இருந்தது. மும்பையிலிருந்து சென்ற ஹஜ் கப்பல் 1995-ல் நின்றுவிட்டது. இப்போது கிழக்கிலிருந்து வரும் விமானங்கள் பொதுவாகத் தாயிஃப் பக்கமுள்ள கர்னுல் மனாஸில் எல்லையைக் கடந்தே ஜித்தாவில் இறங்குகின்றன.

அங்கிருந்து ஜித்தா விமான நிலையம் சுமார் 130 கி.மீ. அதாவது, தரையிறங்க 20 முதல் 30 நிமிடம் இருக்கும்போதே மீக்காத் கடந்துவிடும். விமானம் நிமிடத்துக்குப் பல கி.மீ. பறக்கிறது, சற்றுக் கண்ணயர்ந்தாலும் எல்லை தாண்டிவிடும். 'ஜித்தாவில் இறங்கி இஹ்ராம் கட்டிக்கொள்ளலாம்' என்று இருந்துவிட்டால், மீக்காத்துக்குத் திரும்பிச் செல்ல வேண்டும். இல்லையேல் தம் எனும் பலி கடமையாகும்.

எனவே வீட்டிலோ விமான நிலையத்திலோ குளித்து இஹ்ராம் உடையை அணிந்துகொள்ளுங்கள். நிய்யத்தையும் தல்பியாவையும் மீக்காத் அறிவிப்பு வரும்போது செய்யலாம். எல்லா விமானங்களிலும் அறிவிப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே நிய்யத் செய்துவிடுவது பேணுதலானது. முன்கூட்டிச் செய்தாலும் இஹ்ராம் கூடும், பிந்தினால்தான் சிக்கல்.

வேறு நாட்டில் விமானம் மாறுபவர்கள் இஹ்ராம் துணியைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். பெட்டியோடு போட்டுவிட்டால் ஜித்தாவில்தான் கைக்குக் கிடைக்கும்.

பெண்களுக்குத் தனி இஹ்ராம் உடை இல்லை; வழக்கமான ஹிஜாப் உடையே போதும். நிகாபும் கையுறையும் அணியக் கூடாது. மாதவிடாய் இருந்தாலும் மீக்காத்தில் நிய்யத் செய்ய வேண்டும். சுத்தமாகும் வரை தவாஃபை மட்டும் பிற்படுத்த வேண்டும்.

முதலில் மதீனா செல்பவர்களுக்கு விமானத்தில் இஹ்ராம் தேவையில்லை. மதீனாவிலிருந்து மக்கா புறப்படும்போது, ஊருக்கு வெளியே உள்ள துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் அணியலாம். வயோதிகர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வோருக்கு இது எளிது.

பயணச்சீட்டு எடுக்கும்போதே எந்த ஊரில் இறங்குகிறோம் என்று பாருங்கள். அதையொட்டி இஹ்ராமைத் திட்டமிடுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் உம்ராவையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.